ஒன்பதாம் நம்பரின் ஒளிவட்டம்

போன மழைக்காலத்தில் ராட்சபுரியில் ஓர் அதிசயம் நடந்தது. அரிசி ஆலை முதலாளி சியா ஹெங் அடித்த கோல்ஃப் பந்து, அவர் நினைத்த இடத்திலேயே போய் நின்றது.

சிரிக்காதீர்கள். எங்கள் கிளப்பில் அது சாதாரணச் சேதி இல்லை. அவர் பந்து குளத்தில் விழுந்திருக்கிறது, மணலில் புதைந்திருக்கிறது, வேலி தாண்டிப் போய்ப் பக்கத்து வயல் எருமையின் முதுகில் பட்டிருக்கிறது. குழிக்குப் பக்கத்தில் மட்டும் போனதே இல்லை.

இத்தனைக்கும் தூரமாக அடிப்பதில் மனிதர் கெட்டிக்காரர். சிக்கல் எல்லாம் கடைசிச் சின்ன அடியில்தான். பந்து கிரீனுக்குப் பக்கத்தில், அதாவது குழி இருக்கும் அந்த ஒட்டக் கத்தரித்த புல்தரைக்கு நாலெட்டு முன்னால் வந்து நிற்கும். அதை லேசாகத் தூக்கிப் போட்டு, குழியை நோக்கி உருளவிட வேண்டும். இதற்கு ‘சிப்’ என்று பேர். அதற்கென்றே முகம் மல்லாந்த ஒரு தடி உண்டு, ‘வெட்ஜ்’ என்பார்கள். குழந்தைகூட அடித்துவிடலாம் போலத் தோன்றும். அடித்துப் பார்த்தால் தெரியும் வண்டவாளம்.

சியா ஹெங் நெல் மூட்டையில் கைவிட்டு அள்ளிப் பார்த்தே வளர்ந்தவர். அதே கையால் பந்தையும் அள்ளுவார். பின்காலில் சாய்ந்து, மணிக்கட்டை மடக்கி, ஒரு அள்ளு. ஒன்று தடி மண்ணைத் தின்னும், இல்லாவிட்டால் பந்து தலையில் அடி வாங்கிக்கொண்டு கிரீனைத் தாண்டி ஓடும்.

அப்படிப்பட்ட மனுஷன் அடித்த பந்து குழிக்குப் பக்கத்தில் நின்றால் ஊர் என்ன சொல்லும்? மந்திரம் என்றது. மந்திரம் என்றால் மந்திரவாதி வேண்டுமே. அவரும் வந்து சேர்ந்திருந்தார், ஆஜான் தோங்தாம். எங்கள் ஊரில் ஆஜான் என்றால் குரு.

வெள்ளை உடை, கறுப்புக் கண்ணாடி, கழுத்து நிறையத் தாயத்து. நடந்து வந்தால் பாத்திரக்கடை நடந்து வருகிற சத்தம். பயிற்சித் தரையின் ஓரத்துக் கொட்டகையில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார். எதிரே ஊதுபத்தி, சாமந்தி மாலை, தேவதைகளுக்கு உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு சோடா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வரிசை வண்டி நிறுத்துமிடம் வரை நீளும். பச்சைக் குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகிறவர்கள் மாதிரி ஆளாளுக்கு வெட்ஜைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள்.

நிற்பவர்கள் யார்? படிக்காத ஜனமா? அதுதான் இல்லை. வங்கி மேலாளர் இருந்தார். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி இருந்தார். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் பேராசிரியர் ஒருவரும் இருந்தார். புவியீர்ப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர், பந்து கீழே இறங்குவதற்கு மந்திரம் கேட்டு வெயிலில் நின்றார். நான் இந்த ஊரில் துணிக்கடை வைத்து ரொம்ப வருஷமாகிறது. கிளப்பில் எனக்கு ஆட்டக்காரன் என்ற பேர் கிடையாது. அதனால் வேடிக்கை பார்க்க நிறைய நேரம் கிடைத்தது.

ஆஜான் முதலில் தடியின் முகத்தில் சந்தனத்தால் ஒரு சக்கரம் போடுவார். அப்புறம் ஆளைப் புல்லில் நிறுத்துவார்.

“இடது கால்ல தரணித்தாய் குடியிருக்கா. உன் பாரம் மொத்தத்தையும் அவகிட்ட குடு. வலது கால்ல போன பிறவிப் பாவம் நிக்குது, அதுமேல சாயாத!”

“சரிங்க ஆஜான்.”

“பந்தைப் பாவத்துக்குப் பக்கத்துல வை. வலது குதிகாலுக்கு நேரா. ஆங், அங்கதான்.”

பிறகு ஒரு வெள்ளை நூலை எடுத்து இடது முன்கையையும் தடியின் பிடியையும் சேர்த்துக் கட்டுவார்.

“அடிக்கும்போது மணிக்கட்டு மடங்கி நூல் அறுந்துச்சோ, மந்திரம் காத்துல போயிடும். அப்புறம் என்னைக் கேக்காத. பந்தை விட்டுக் கண்ணை எடுக்காம மூணு தடவை ஜபம் சொல்லணும். நடுவுல தலையத் தூக்கினா பேய் பூந்துடும்.”

பேய் பயத்தில் யார் தலையைத் தூக்குவார்கள்? பந்து போய் அழகாக நிற்கும். கூட்டம் கைகூப்பும். ஆஜானின் பித்தளைத் தட்டில் உறைகள் குவியும்.

“பாத்தியா லெக்? பாத்தியா?” என்று சியா ஹெங் மனைவியிடம் துள்ளினார். லெக் ஒல்லிக்குச்சி மாதிரி இருப்பார். ஆலை நிர்வாகம் முழுக்க அவர் கையில்தான்.

“பாத்தேன். வீட்டுல ஒரு பல்பு மாட்டத் தெரியாது. இங்க வந்து கையில நூல் கட்டிக்கிட்டு ஆடுறாரு,” என்றார் லெக்.

இதோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நிற்கவில்லை.

மந்திரம் போட்ட தடியும் சில நாள் மண்ணைத் தின்றது. நூலை மறந்துவிட்டு ஆள் பழையபடி அள்ளினால் தின்னாதா? ஆனால் ஆஜான் தப்பு என்று யாராவது சொல்வார்களா? பந்து நின்றால் ஆஜான் சக்தி. பந்து ஓடினால் வேறு யாருடைய தலையையாவது உருட்ட வேண்டும். அந்தத் தலை பக்கத்திலேயே, பையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

எங்கள் ஊரில் தடிப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருகிற கேடி இல்லாமல் யாரும் ஆட மாட்டார்கள். எல்லாரும் பெண்கள். வெயிலுக்காகத் தொப்பி, தொப்பிக்குக் கீழே தலை முகம் கழுத்து எல்லாவற்றையும் சுற்றி ஒரு துணி, கைகளுக்கு உறை. வெளியே தெரிவது ரெண்டு கண்ணும் முதுகில் இருக்கிற நம்பரும்தான். அவர்களை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவோம். வருஷக்கணக்காகத் தன் பையைத் தூக்கியவளைச் சந்தையில் பார்த்தால் அடையாளம் தெரியாமல் போகிற உறுப்பினர்கள்தான் இங்கே அதிகம்.

ஒருநாள் சிற்றுண்டிக் கடையில் நாற்பத்தேழாம் நம்பர் சாய்பின், துணியை இறக்கிவிட்டு நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆஜான் அந்தப் பக்கம் வந்தார். நின்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

“மோவாயில மச்சம்! உனக்குப் புருஷன் இருக்கானா?”

“செத்துட்டாருங்க.”

“எனக்குத் தெரியும்! புருஷனத் தின்னுற மச்சம் அது. புருஷனையே தின்னவ பந்தை விடுவாளா? அதான் இங்க மந்திரம் நிக்க மாட்டேங்குது!”

அவள் புருஷன் கரும்பு லாரி மோதிச் செத்தான். அந்த லாரியை ஓட்டியவனுக்கு மோவாயில் மச்சம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து சாய்பினை ஒருவரும் கூப்பிடவில்லை. கேடிக்கு ஆட்டம் இருந்தால்தான் கூலி. காலையில் வந்து வரிசையில் உட்காருவாள். அவள் முறை வரும்போது, “நாப்பத்தேழா? வேணாம், அடுத்த ஆளைக் கூப்பிடு,” என்பார்கள். வெயில் சாயும்வரை உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு போவாள். அதுவும் போதாதென்று, கிளப் தலைவரான சியா ஹெங், ஞாயிற்றுக்கிழமை கோப்பைப் போட்டி முடிந்ததும் திங்கட்கிழமைக் கமிட்டியில் அவள் சீட்டைக் கிழித்துவிடுவதாக அறிவித்தார்.

மறுபக்கம் ஒன்பதாம் நம்பர் ராத்ரிக்கு யோகம். ஒன்பது எங்கள் ஊரில் ராசியான எண். அதோடு ஆஜான் வேறு, “ஒன்பதைச் சுத்தித் தங்க ஒளிவட்டம் தெரியுது,” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஒன்பதுதான் வேண்டும் என்று அடிதடி.

எங்கள் கிளப்பில் பல் டாக்டர் மயூரி என்று ஓர் உறுப்பினர் உண்டு. பாதிப் பேருக்குப் பல் பிடுங்கியவர் என்பதால் அவருக்கு முன்னால் யாரும் அதிகம் வாய் திறப்பதில்லை. அவர் ஒரு சனிக்கிழமை, நான் உட்கார்ந்திருந்த மேஜைக்கு சாய்பினையும் ராத்ரியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

“நீ ஏன்மா வாய மூடிக்கிட்டு இருக்க?” என்று சாய்பினிடம் கேட்டார்.

“மூடல டாக்டரம்மா. என் மச்சத்துக்கு லாரி ஓட்டத் தெரியாதுங்கன்னு சொன்னேன். திமிர் புடிச்சவன்னு அதுக்கும் ஒரு பேரு வெச்சுட்டாங்க,” என்றாள். “இந்த வேலை போச்சுன்னா வேற எந்தக் கிளப்புல சேத்துப்பாங்க? புருஷனத் தின்னவங்கற பேரு எனக்கு முன்னாடி அங்க போய் நிக்கும்.”

“நாளைக்கு சியா பைய யாரு தூக்குறா?”

“நான்தான். தலைவர் இல்லையா, ஒன்பதை மொதல்லயே புடிச்சு வெச்சுட்டாரு,” என்றாள் ராத்ரி. “தங்க ஒளிவட்டமாம்! ஒளிவட்டத்துக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு டாக்டரம்மா. தெனம் ரெண்டு ஆட்டம். கொஞ்சம் படுத்துக்கலாம்னா விட மாட்டேங்குறாங்க.”

டாக்டர் ஒருத்தியைப் பார்த்தார். இன்னொருத்தியைப் பார்த்தார். ரெண்டு பேரும் ஒரே உயரம்.

“அப்ப நாளைக்குப் படுத்துக்கோ. உன் சட்டைய இவகிட்ட குடு,” என்றார்.

சாய்பின் பயந்தாள். “கண்டுபுடிச்சுட்டா நாளைக்கே தொரத்திருவாங்களே!”

“கண்டுபுடிக்க உன் மூஞ்சிய அவங்க எப்பப் பாத்தாங்க? பேசாத. கையால காட்டு. போதும்,” என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சியா ஹெங் கையில் நூலும் நெற்றியில் சந்தனமுமாக இறங்கினார். முதுகில் ஒன்பது எழுதிய கேடி பக்கத்தில் வந்தாள். முதல் குழியிலிருந்தே ஆள் பிரமாதமாக ஆடினார். பாரம் இடது காலில், பந்து வலது குதிகாலுக்கு நேரே, மணிக்கட்டு விறைப்பு, தலை குனிவு. கேடி தரையின் சரிவைப் பார்த்து, பந்து விழ வேண்டிய இடத்தை விரலால் காட்டுவாள். அவர் அங்கே போடுவார். பந்து உருண்டு குழியோரம் போய் நிற்கும்.

“ஒளிவட்டம் சுடுதுப்பா! என் முதுகுல சுடுது!” என்று ஒவ்வொரு குழியிலும் கூவினார். உச்சி வெயிலில் சுடாமல் என்ன செய்யும்?

கடைசிக் குழியில் அவர் அடித்த சிப், கிரீனில் விழுந்து உருண்டு நேராகக் குழிக்குள்ளேயே இறங்கிவிட்டது. கோப்பை அவருக்கு. ஒரே ஆரவாரம். ஆஜான் தாயத்துகள் கலகலக்க ஓடி வந்து, கேடியின் தலைக்கு மேல் கையை நீட்டிக் கண்ணை மூடினார்.

“என்ன ஒளி! என்ன ஒளி! கண்ணு கூசுது! இவ காலடி பட்ட புல்லைக்கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க!”

பேராசிரியர் உண்மையிலேயே குனிந்து புல்லைப் பிடுங்கினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு டாக்டர் மயூரி முன்னால் வந்தார். “ஆஜான், நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஒளி இவகிட்ட இருந்துதான் வருதா?”

“சந்தேகமா? போன பிறவியில இவ ராணி!”

“ராணியம்மா, கொஞ்சம் துணிய எறக்கு,” என்றார் டாக்டர்.

சாய்பின் தொப்பியைக் கழற்றினாள். துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். வேர்த்துப்போன முகம் வெளியே வந்தது. மோவாய் வந்தது. மோவாயில் மச்சமும் வந்தது.

சியா ஹெங்கின் வாய் திறந்தபடி நின்றது.

“காலையில இருந்து என் பைய... நீயா?”

“நான்தான் முதலாளி. ஒண்ணையும் திங்கல. காலையில குடிச்ச கஞ்சிதான் வயித்துல கெடக்கு.”

ஆஜான் லேசுப்பட்டவரா? ஒரு நொடியில் சுதாரித்துக்கொண்டார்.

“நான் சட்டைய மட்டும்தான் பாத்தேன்! ஒன்பதாம் எண்ணோட சக்தி அவ தோஷத்தை அமுக்கிடுச்சு. என் ஞானக்கண்ணை இன்னும் தொறக்கவே இல்ல!”

“அப்படியா? இப்பத் தொறங்க,” என்றார் டாக்டர். கையைத் தட்டினார். கேடிகள் தங்குமிடத்திலிருந்து பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். முகம் முழுக்கத் துணி. முதுகில் யாருக்கும் நம்பர் இல்லை. சாய்பினும் உள்ளே போய்த் துணியைச் சுற்றிக்கொண்டு, நம்பர் இல்லாத சட்டையில் வரிசையில் எங்கேயோ கலந்துவிட்டாள்.

“இதுல புருஷனத் தின்னுற தோஷக்காரி யாருன்னு ஞானக்கண்ணால பாத்துச் சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டா நானே உங்ககிட்ட நூல் கட்டிக்கறேன்.”

அத்தனை பேரும் ஆஜானையே பார்த்தார்கள். தப்பிக்க வழியில்லை. வரிசை நெடுக நடந்தார். முகர்ந்தார். முனகினார். ஒருத்தியின் தோள் மட்டும் நடுங்குவதைக் கவனித்துவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு நடுங்காதா! பாய்ந்து போய் விரலை நீட்டினார்.

“இவதான்! நடுங்குறா பாருங்க! புருஷனத் தின்னு ஏப்பம் விட்டவ! இவ ரத்தத்துல விஷம் ஓடுது!”

அந்தப் பெண் நடுங்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். இப்போது அடக்க முடியவில்லை. துணியை இழுத்துப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சியா ஹெங்கின் மனைவி லெக்.

“ஏங்க! நான் உங்களத் தின்னுட்டேனாம்! நீங்க இன்னும் அங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறீங்களே, யாரு நீங்க?”

சியா ஹெங் தன் தொந்தியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது. நிறையவே இருந்தது.

கூட்டம் சிரித்த சிரிப்பில் கொட்டகைப் பக்கத்து மைனாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. டாக்டர் அதோடு விடவில்லை. தன் பையிலிருந்து ஒரு பழைய வெட்ஜை எடுத்தார். அதில் சந்தனம் இல்லை, துரு இருந்தது. பாரத்தை இடது காலில் வைத்தார். பந்தை வலது குதிகாலுக்கு நேரே வைத்தார். நூல் இல்லை, ஜபம் இல்லை. மணிக்கட்டை மடக்காமல், தலையைத் தூக்காமல் அடித்தார். பந்து குழியோரம் போய் நின்றது. அடுத்து சியா ஹெங்கின் மந்திரத் தடியை வாங்கினார். பின்காலில் சாய்ந்து ஒரு அள்ளு அள்ளினார். சந்தனச் சக்கரத்தோடு தடி மண்ணில் குத்தி நின்றது. பந்து அசையவில்லை.

“தரணித்தாய் எங்க போனா ஆஜான்? மதியச் சாப்பாட்டுக்கா?” என்றார் போலீஸ்காரர். போன ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வரிசையில் நின்றவர்.

ஆஜானுக்கு வந்ததே கோபம்! கழுத்திலிருந்த தாயத்துகளைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“ஆமாய்யா! மந்திரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! கோராட் ஊர்ல கோல்ஃப் வாத்தியாரா இருந்தேன். இதையேதான் சொல்லிக் குடுத்தேன். இடது கால்ல நில்லு, மணிக்கட்ட மடக்காத, தலையத் தூக்காத. எவனாவது வந்தானா? எவனாவது கேட்டானா? ஈ ஓட்டினேன்! வெள்ளச் சட்டையப் போட்டு நூலக் கட்டி, பேய் புடிக்கும்னேன், வரிசையில நின்னீங்க! என்ன திட்டுறீங்களே, புத்தி சொன்னப்ப எங்கய்யா போனீங்க?”

திருடன்தான். ஆனால் கேட்ட கேள்வி நியாயமானது. பேராசிரியர் சட்டைப்பையிலிருந்த புல்லை மெதுவாகக் கீழே போட்டார்.

“உன் கதையெல்லாம் சரி,” என்றாள் சாய்பின். துணியை அவிழ்த்துவிட்டு ஆஜானுக்கு நேராக வந்து நின்றாள். “உனக்குப் பொழப்பு இல்லன்னு வேஷம் போட்ட. அதுக்கு என் பொழப்புல ஏன்யா மண்ணப் போட்ட? செத்த என் புருஷனை ஏன்யா இழுத்த?”

ஆஜான் பித்தளைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்தார். உறைகளைத் திருப்பிக் கொடுக்க வைத்து, பாயைச் சுருட்ட வைத்து, வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.

சியா ஹெங் கோப்பையைக் கட்டிக்கொண்டு நெளிந்தபடி சாய்பினிடம் வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்டார். அதோடு நிறுத்தினாரா?

“தப்பாப் போச்சும்மா. கமிட்டி கிமிட்டி ஒண்ணும் கிடையாது. இனிமே என் பைய நீதான் தூக்கணும். உன் ராசியிலதான்மா எனக்குக் கோப்பையே கெடச்சிருக்கு! அந்த மச்சம் அதிர்ஷ்ட மச்சம்!”

பின்னால் நின்ற வங்கி மேலாளர் அவசரமாக, “அடுத்த ஞாயிறு எனக்கு!” என்றார்.

டாக்டர் மயூரி நெற்றியில் அடித்துக்கொண்டார். சாய்பின், இடுப்பில் செருகியிருந்த ஒன்பதாம் நம்பர் சட்டையைப் பக்கத்தில் நின்ற ராத்ரியிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“வேணாம் முதலாளி. நேத்து வரைக்கும் தின்னுறவ, இன்னைக்கு ராசிக்காரியா? நாளைக்கு உங்க பந்து குளத்துல விழுந்தா, திரும்ப என் மூஞ்சியத்தானே தேடுவீங்க? என் மொறை வந்தா நாப்பத்தேழுன்னு கூப்பிடுங்க, வர்றேன். பைய நான் தூக்கறேன். நீங்க அடிக்கற அடிக்கு நீங்கதான் பொறுப்பு.”

அய்யா, அம்மா, உங்கள் ஊரில் கோல்ஃப் இல்லாமல் இருக்கலாம். காரியம் கெட்டதும், எவள் எதிரே வந்தாள், எவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று தேடுகிற கூட்டம் இல்லையா? சாய்பினின் மோவாயில் இருந்தது வெறும் மச்சம். நம் கழுத்துக்கு மேலே இருப்பது என்ன என்று அவரவர் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.